காணாக்கடிக்குக் காரணம் தேட நான்கு வழிகள்: முதலில் எதைப் பிடிப்பது?

கம்பத்தில் ஒரு மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறேன். விடியும் முன்பே கடையைத் திறந்துவிடுவோம். வண்டன்மேடு, ஆனக்கரை, புளியன்மலை பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேற்றும் ஜீப்புகள் அந்த நேரத்தில்தான் கிளம்பும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அந்தக் கூட்டத்திலிருந்து யாராவது வந்து முழங்கையை நீட்டுவார்கள். "ராத்திரி பூராம் சொறிஞ்சு சொறிஞ்சு ஓஞ்சு போனேண்ணே. என்னத்தத் தின்னேன்னே தெரியல."

என்னத்தத் தின்னேன். எல்லோருக்கும் முதலில் வருகிற கேள்வி இதுதான். எனக்கும் மூன்று வருடம் காணாக்கடி (தோலில் அரிப்போடு திடீர் திடீரென்று தடிப்பு எழும்புவது, ஆங்கிலத்தில் அர்ட்டிகேரியா) இருந்தது, நானும் இதைத்தான் கேட்டேன். கேள்வியே தப்பாக இருக்கலாம் என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

சமீபத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். கூடலூரில் ஒரு ஆசிரியர், நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஒரே ரத்தத்தில் அலர்ஜி பார்த்துவிடலாமா என்கிறார். போடியில் ஒரு அக்கா, வைத்தியர் சொன்னார் என்று கத்திரிக்காயில் தொடங்கி கருவாடு வரை நிறுத்திவிட்டு, இன்னும் எதை நிறுத்துவது என்கிறார். குமுளியில் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகளுக்கு முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கூடவே வயிற்றுப்போக்கு. போனில் படித்துவிட்டு இது மாஸ்ட் செல் (அலர்ஜியைக் கிளப்பும் செல்) கோளாறாக இருக்குமோ என்று பயந்துபோயிருக்கிறார்கள். மூவருக்கும் முன்னால் இருப்பது அதே நான்கு வழிகள்: நோட்டு எழுதுவது, பத்தியம், அலர்ஜி டெஸ்ட், மாத்திரையில் அடக்கிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. எதில் தொடங்குவது என்பதுதான் கேள்வி. நான் டாக்டர் இல்லை. பட்டு அறிந்ததையும், டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

## எதற்கும் முன்னால்

தடிப்போடு சேர்ந்து தொண்டை அடைத்தாலோ, மூச்சு இழுத்தாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ அந்த நேரத்தில் காரணம் தேடாதீர்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரட்டும். எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. தேவைப்படுவது அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். பெரியவர்களுக்கு அதிகபட்சம் ஒரு தடவைக்கு 0.5 மில்லிகிராம். ஏவில் என்ற அலர்ஜி ஊசி அரிப்பைக் குறைக்கும், சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. 108-ஐக் கூப்பிடுங்கள். குமுளி மலைப்பாதையில் அந்த ஆளை ஸ்கூட்டர் பின்னால் உட்கார வைத்து லோயர் கேம்புக்கு இறக்கிக் கொண்டுவருவது வேண்டவே வேண்டாம். வளைவில் மயங்கினால் பிடிக்க ஆள் இருக்காது.

ஒரே ஒரு முறை இப்படி ஆகியிருந்தாலும் கீழே உள்ள ஒப்பீடு உங்களுக்கு இரண்டாம்பட்சம். நேராக நான்காவது வழிக்குப் போய்விடுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். இந்த வழி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்? பொய்யான பதில் தர எவ்வளவு வாய்ப்பு? கையிலிருந்து எவ்வளவு போகும், அதில் விட்ட கூலியும் அடங்கும். உடம்புக்கு என்ன கேடு? எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். பதிலே இல்லாமல் இருப்பதைவிடப் பொய்ப்பதில் மோசம். அது கிடைத்ததும் நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

| | நோட்டு எழுதுவது | பத்தியம் | அலர்ஜி டெஸ்ட் | மாத்திரையில் அடக்கி, பெரிய ஆஸ்பத்திரி |
|---|---|---|---|---|
| எந்தக் கேள்விக்கு | எப்போது, எது எதோடு சேர்ந்து வருகிறது | இந்த ஒரு உணவுதானா | இந்தப் பொருளுக்கு உடம்பில் ஐஜிஇ (அலர்ஜிக்கான எதிர்ப்பொருள்) இருக்கிறதா | இது என்ன நோய், எவ்வளவு கடுமை |
| பொய்ப்பதில் | குறைவு, அவசரப்பட்டால் கூடும் | அதிகம் | மொத்தப் பட்டியலாக எடுத்தால் மிக அதிகம் | குறைவு |
| கைச்செலவு | ஒரு நோட்டு, ஒரு பேனா | பார்க்கக் குறைவு | சில ஆயிரங்கள் | பயணமும் கூலியும்தான் பெரிது |
| தெரியாத செலவு | பொறுமை | எடை, சத்து, வீட்டுச் சண்டை | தேவையில்லாமல் விடும் உணவுகள் | அலைச்சல், தூக்கக் கலக்கம் |
| எவ்வளவு நாள் | 4 முதல் 6 வாரம் | 3 வாரம், அதற்கு மேல் கூடாது | ஒரு நாள் | மாதக்கணக்கில் |

## உடம்புக்குள் நடப்பது, சுருக்கமாக

தோல், குடல், மூச்சுக்குழாய், ரத்தக்குழாய் ஓரங்களில் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. 1878-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் ஆய்வாளர், உள்ளே மணிமணியாக நிறைந்திருப்பதைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்தது என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். அந்த மணிகளுக்குள் ஹிஸ்டமின், ஹெபாரின், டிரிப்டேஸ் எல்லாம் இருக்கின்றன. செல் அவற்றை வெளியே கொட்டினால் தோலில் தடிப்பு, குடலில் வயிற்றுவலியும் போக்கும், மூக்கில் ஒழுகல், ரத்தக்குழாய் விரிந்தால் மயக்கம்.

கொட்ட வைப்பது ஐஜிஇ மட்டும் அல்ல. முழுக் குழப்பமும் இதில்தான் இருக்கிறது. சில மருந்துகள் ஐஜிஇ துணையே இல்லாமல் நேராகச் செல்லைத் தட்டிவிடும்: மார்ஃபின், கோடீன், வேன்கோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை. சிலருக்கு அழுத்தம், குளிர், சூடு போதும். ஆறு வாரத்துக்கு மேல் நீளும் காணாக்கடியில் பெரும்பாலானவர்களுக்கு வெளிக்காரணம் என்று ஒன்றும் இருப்பதில்லை. உடம்பின் எதிர்ப்பாற்றலே தன் மாஸ்ட் செல்லைத் தூண்டிக்கொண்டிருக்கும். தைராய்டு எதிர்ப்பொருள் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. நாள்பட்ட காணாக்கடிக்குச் சாப்பாட்டு அலர்ஜி மூலகாரணமாக இருப்பது அபூர்வம்.

## வழி ஒன்று: நோட்டு எழுதுவது

சின்ன நோட்டு ஒன்று போதும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். சாப்பிட்டதை மட்டும் எழுதினால் சாப்பாடுதான் குற்றவாளியாகத் தெரியும். அதனால் இவற்றையும் எழுத வேண்டும்: போட்ட எல்லா மாத்திரையும், செய்த வேலை, ஏறிய ஏற்றம், குளித்த தண்ணீர் சூடா பச்சையா, தோட்டத்தில் மருந்தடித்த நாளா, தூக்கம், பெண்கள் என்றால் மாதவிலக்கு நாள். எல்லாவற்றுக்கும் மணி போட வேண்டும். மணி இல்லாத குறிப்பு உதவாது.

தடிப்பை எண்ணுவதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. 24 மணி நேரத்தில் தடிப்பே இல்லை என்றால் 0, இருபதுக்குள் 1, இருபதிலிருந்து ஐம்பது வரை 2, அதற்கு மேலோ திட்டுத்திட்டாகச் சேர்ந்துகொண்டாலோ 3. அரிப்புக்கும் இதே மாதிரி 0 முதல் 3. இரண்டையும் கூட்டினால் ஒரு நாளுக்கு 6, ஏழு நாளுக்கு அதிகபட்சம் 42. வாரக் கடைசியில் ஒரே எண் கிடைக்கும். டாக்டரிடம் "ரொம்ப அரிக்குது" என்பதற்கும் "போன வாரம் 31, இந்த வாரம் 12" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு, மணி எழுதி, போட்டோ எடுத்துவையுங்கள். மறுநாள் அதே நேரம் பாருங்கள். சாதாரணக் காணாக்கடி 24 மணி நேரத்துக்குள் தடம் இல்லாமல் மறைந்து வேறிடத்தில் எழும்பும். வட்டத்துக்குள்ளேயே நின்று, எரிந்து, கன்றிப்போன மாதிரி தடம் விட்டால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

நோட்டில் மாட்டுகிறவை பெரும்பாலும் சாப்பாடு அல்ல. நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின். நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு இவை தீயில் எண்ணெய். என் கதையும் இதுதான். இடுப்புவலிக்கு வாரத்தில் இரண்டு நாள் டைக்ளோஃபினாக் போடுவேன், அன்று இரவு உடம்பு பூரா எழும்பும். மருந்துக்கடையிலேயே நின்றும் எனக்குத் தோன்றவில்லை. அன்று தின்ற கோழிக்கறியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நோட்டின் பதினோராவது பக்கத்தில்தான் பிடிபட்டது.

பிரஷர் மாத்திரை. எனலாப்ரில், ராமிப்ரில் வகை சாப்பிடுகிறவர்களுக்கு உதடோ நாக்கோ திடீரென்று வீங்கினால், தடிப்பும் அரிப்பும் இல்லாவிட்டால், அந்த மாத்திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பல மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் வரலாம். இதற்கு ஏவில் கேட்காது. அன்றே டாக்டரைப் பார்த்து மாற்று எழுதி வாங்க வேண்டும்.

அழுத்தம். இடுப்பில் சாக்கை இறுகக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஏலக்காய் எடுக்கிறவர்களுக்கு, கட்டு இருந்த இடத்தில் நாலைந்து மணி நேரம் கழித்து வீக்கம் வரும். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு வருவதால் பழி இரவுச் சாப்பாட்டின் மேல் விழும்.

குளிர். விடிகாலை ஜீப்பில் மலை ஏறும்போது காற்றுப் பட்ட முகமும் கையும் மட்டும் தடித்தால் குளிர்க் காணாக்கடியாக இருக்கலாம். இவர்கள் சுருளி அருவியில் போய்த் தலையைக் கொடுப்பது ஆபத்து. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். ஐஸ் கட்டியை ஐந்து நிமிடம் முன்கையில் வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு, டாக்டர் முன்னிலையில் செய்வது நல்லது.

மீன். நமக்குக் கடல் தூரம், மீன் பெட்டியில்தான் வருகிறது. மத்தி, அயிலை, சூரை மாதிரி மீன்கள் வழியில் ஐஸ் குறைந்து கிடந்தால் பாக்டீரியா அதன் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. அரை மணி நேரத்துக்குள் முகம் சிவந்து தலை வலிக்கும். அதே குழம்பைத் தின்ற வீட்டாருக்கும் சிவந்தால் கோளாறு மீனில். உங்களுக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் என்றால் மீன் அலர்ஜியா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் ஆகிறது, ஒரு நாள் ஆகவில்லை என்று குழம்புகிறவர்களில் பலருக்கு விடை இங்கேதான் இருக்கும்.

மருந்தடித்த மறுநாள் தோட்டத்தில் இறங்கி வியர்த்துக் கொட்டுவது, எச்சில் ஊறுவது, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் அது அலர்ஜி அல்ல, பூச்சிமருந்து விஷம். அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது ஒரு அக்காவின் நோட்டைச் சொல்கிறேன், அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். மலையில் மூன்று முறை தடித்து, ஒரு முறை மயங்கி விழுந்தவர். கோதுமை ஆகாதோ என்று சந்தேகம் வந்தது, ஆனால் வீட்டில் ராத்திரி சப்பாத்தி தின்றால் ஒன்றும் ஆவதில்லை. அதனால் கோதுமையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அவர் மகள் எழுதிக்கொடுத்த பக்கங்களைக் கவுன்ட்டரில் விரித்து வைத்துப் பார்த்தோம். மோசமான நான்கு நாளிலும் காலை ஏழரை மணிக்குக் குமுளியில் பரோட்டா. அதற்குப் பின் ஏற்றத்தில் அரை மணி நடை. மயங்கிய அன்று கூடுதலாக, மாதவிலக்கு வலிக்கு ஒரு மாத்திரை. சப்பாத்தி தின்ற இரவுகளில் தின்றதும் படுக்கை.

"அப்போ பரோட்டாவும் தப்பில்ல, நடையும் தப்பில்ல, ரெண்டும் சேர்றதுதான் தப்பாண்ணே?" என்றார்.

அதேதான். கோதுமையும் உடலுழைப்பும் சேர்ந்தால் மட்டும் வரும் கடுமையான அலர்ஜி ஒன்று இருக்கிறது. வலி மாத்திரை சேர்ந்தால் இன்னும் எளிதாக வரும். மெடிக்கல் காலேஜில் ஒமேகா-5 கிளியடின் என்ற ஒரே ஒரு கோதுமைப் புரதத்துக்கு மட்டும் ரத்தம் பார்த்து உறுதி செய்தார்கள். வேலைக்கு முன்னால் குறைந்தது நான்கு மணி நேரம் கோதுமை தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது காலையில் வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு போகிறார்.

நோட்டின் குறை என்ன? ஆறு வாரம் பொறுமை வேண்டும். இரண்டு நாள் ஒத்துப்போனதை வைத்து முடிவுக்கு வந்தால் ஏமாற்றிவிடும், ஒரே விஷயம் மூன்று நான்கு முறையாவது ஒத்து வர வேண்டும். அப்புறம், சிலருக்கு எழுதி எழுதி எந்த ஒழுங்கும் தெரியாது. அது தோல்வி அல்ல. வெளிக்காரணம் இல்லை, உள்ளிருந்து வருகிறது என்பதற்கு அதுவே பெரிய அடையாளம். வீட்டில் இருப்பதையெல்லாம் நிறுத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று தெரிவது எவ்வளவு நிம்மதி என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

## வழி இரண்டு: பத்தியம்

நம் பக்கத்தில் சித்த வைத்தியர், மலைக்கு மேலே ஆயுர்வேத வைத்தியசாலை. இரண்டிலும் முதலில் சொல்வது பத்தியம். ஆங்கில மருத்துவத்தில் சந்தேகமான உணவை நிறுத்திப் பார்த்துத் திரும்பச் சேர்ப்பதும் அடிப்படையில் இதே யோசனைதான். அதனால் பத்தியத்தை நான் லேசாகப் பேச மாட்டேன்.

பிரச்சினை அதைச் செய்யும் விதத்தில். கத்திரிக்காய், கருவாடு, புளி, கடலை, முட்டை எல்லாம் ஒரே நாளில் நிற்கும். அதே நாளில் கஷாயமும் தொடங்கும். நல்லானால் எதனால் நல்லானது? கஷாயமா, முட்டையா, கடலையா, அல்லது தானாகவா? காணாக்கடி பலருக்கு ஓரிரு ஆண்டில் தானாகவே அடங்கும் நோய். அடங்கும் நேரத்தில் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதற்குப் பேர் போய்விடும்.

சரியாகச் செய்ய வேண்டுமானால் நோட்டு காட்டிய ஒன்று அல்லது இரண்டு பொருளை மட்டும் மூன்று வாரம் நிறுத்துங்கள். குறையவில்லை என்றால் அன்றே திரும்பச் சாப்பிடுங்கள். குறைந்தது என்றால் ஒவ்வொன்றாக, மூன்று நாள் இடைவெளி விட்டு, சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். திரும்ப வந்தால்தான் அது காரணம். இந்தத் திரும்பச் சேர்க்கும் வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. ஒன்றைத் தின்றதும் மூச்சு முட்டியோ மயக்கமோ வந்திருந்தால் மட்டும் அதை வீட்டில் திரும்பச் சேர்த்துப் பார்க்கவே கூடாது, அது ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய வேலை.

தெரியாத செலவு இதில்தான் மிக அதிகம். நான் பத்து மாதம் பத்தியம் இருந்து ஆறு கிலோ இளைத்தேன். குழந்தைகளுக்கு இன்னும் கேடு. கரப்பான் (எக்சிமா என்ற தோல் அழற்சி) உள்ள குழந்தைக்குப் பாலையோ முட்டையையோ காரணமில்லாமல் நெடுநாள் நிறுத்தினால், திரும்பக் கொடுக்கும்போது முன்பு இல்லாத கடும் அலர்ஜி வர வாய்ப்பு உண்டு. பேர் ஒட்டாத பொட்டலத்தில் தரும் பொடியையும் வாங்காதீர்கள். மூன்றே நாளில் மந்திரம் போட்ட மாதிரி அடங்கினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும், அதே பொருளுக்கு வருகிறவர்களுக்குத்தான் இந்த வழி பொருந்தும். விடிந்ததும் எழும்பும் தடிப்புக்கு இது பெரும்பாலும் வீண்.

## வழி மூன்று: அலர்ஜி டெஸ்ட்

இரண்டு வகை. முதுகிலோ முன்கையிலோ சொட்டு வைத்துக் குத்திப் பார்ப்பது ஒன்று. 15 முதல் 20 நிமிடத்தில் தெரியும், ஒப்பீட்டுச் சொட்டைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்தால் பாசிட்டிவ். இதற்கு முன் ஐந்து முதல் ஏழு நாள் அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும், காணாக்கடிக்காரர்களுக்கு அதுவே தண்டனை. தொட்டாலே தடிக்கும் தோல் என்றால் குத்திய எல்லாமே தடித்து முடிவு கெட்டுப்போகும். இன்னொன்று ரத்தத்தில் ஐஜிஇ பார்ப்பது, அதற்கு மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளைக் கண்டுவைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். தின்றால் ஆகாது என்று பொருள் இல்லை. இதைச் சொல்லாமல் காகிதத்தை மட்டும் கையில் கொடுப்பதுதான் கொடுமை. நான் ஒரு தனியார் ஆய்வகத்தில் மொத்தப் பட்டியல் எடுத்தேன். பதினேழு பொருளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு. அதில் பதினாறு நான் சின்ன வயதிலிருந்து தின்றுவருவது. யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை. மேலே சொன்ன பத்து மாதப் பத்தியம் அந்தக் காகிதத்தால் வந்தது. நூற்றுக்கணக்கான உணவுக்கு ஐஜிஜி பார்க்கிறோம் என்று விற்கும் டெஸ்ட் இன்னும் மோசம். ஐஜிஜி என்பது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதன் அடையாளம், அவ்வளவுதான்.

அப்படியானால் டெஸ்ட்டே வேண்டாமா? வேண்டும், கேள்வி கையில் இருக்கும்போது. பரோட்டா அக்காவுக்கு ஒரே ஒரு டெஸ்ட் வாழ்க்கையை மாற்றியது. தேனீ, குளவி கொட்டி மயங்கியவருக்கு, மழைக்காலம் முழுக்க மூக்கொழுகி இளைப்பு வருகிறவருக்கு, ஒரே உணவுக்குத் திரும்பத் திரும்ப உடனடியாக வருகிறவருக்கு இது நல்ல வழி. நாள்பட்ட காணாக்கடிக்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது சாதாரண ரத்த அணுக் கணக்கு, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி. அதோடு மொத்த ஐஜிஇ, தைராய்டு எதிர்ப்பொருள். பெரிய பேக்கேஜை விட இது மலிவு.

## வழி நான்கு: முதலில் அடக்கு, பிறகு பெரிய ஆஸ்பத்திரி

"மாத்திரை போட்டா காரணம் மறைஞ்சிடாதா?" என்று பலர் தயங்குகிறார்கள். பெரிய காரணம் இருந்தால் மாத்திரையையும் மீறி எழும்பும், நோட்டில் தெரியும். தூங்காமல் ஆறு வாரம் எழுதுவது முடியாத காரியம்.

தூக்கம் அதிகம் தராத அலர்ஜி மாத்திரைகளை, அதாவது செட்ரிசின், லீவோசெட்ரிசின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் மாதிரியானவற்றை, அரிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் போட வேண்டும். போதவில்லை என்றால் டாக்டர் நான்கு மடங்கு வரை ஏற்றுவார், நாமாக ஏற்றக் கூடாது. செட்ரிசின் சிலருக்கு அசத்தும், மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஃபெக்சோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் சரியாக ஏறாது, தண்ணீரில் போடுங்கள். இதற்கும் அடங்காதவர்களுக்கு ஓமாலிசுமாப் என்ற ஊசி, வழக்கமாக நான்கு வாரத்துக்கு ஒரு முறை 300 மில்லிகிராம். விலை அதிகம், அரசு மருத்துவக் கல்லூரியில் வழி இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை ஏவிலும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டும் சேர்த்து ஊசி போட்டுக்கொண்டு காலம் தள்ளுவதை நான் இந்த வழியில் சேர்க்க மாட்டேன். அன்றைக்கு அடங்கும். வருடக்கணக்கில் போனால் சர்க்கரை, எலும்புத் தேய்மானம், முகவீக்கம். என் கவுன்ட்டரில் தினமும் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

மாஸ்ட் செல் கோளாறு என்று சந்தேகம் இருப்பவர்களுக்கும் இதுதான் வழி. மூன்றும் பொருந்தினால்தான் அதை மாஸ்ட் செல் கிளர்ச்சி நோய் என்பார்கள். தோல், குடல், மூச்சு, ரத்த ஓட்டம் இவற்றில் இரண்டிலாவது ஒரே நேரத்தில், விட்டுவிட்டு வர வேண்டும். அந்த நேரத்தில் டிரிப்டேஸ் அளவு ஏற வேண்டும். மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்துக்குக் கேட்க வேண்டும். டிரிப்டேஸுக்கு இரண்டு முறை ரத்தம் எடுக்க வேண்டும்: தாக்கம் வந்த நான்கு மணி நேரத்துக்குள் ஒன்று, எல்லாம் அடங்கி ஒரு நாளாவது கழித்து இன்னொன்று. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாமல் முதலாவதற்கு அர்த்தமே இல்லை. கணக்கு இப்படி: சாதாரண நாள் அளவை 1.2 ஆல் பெருக்கி 2 கூட்ட வேண்டும். சாதாரண நாளில் 5 என்றால் தாக்கத்தின்போது 8-ஆவது இருக்க வேண்டும். சாதாரண நாளிலேயே 20-ஐத் தாண்டினால் மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோயா என்று எலும்பு மஜ்ஜை வரை பார்ப்பார்கள். தேனீ கொட்டி, தோலில் ஒரு தடிப்பும் இல்லாமல் நேராக மயங்கி விழுந்தவர்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இந்த வழியின் தெரியாத செலவு அலைச்சல். கம்பத்திலிருந்து தேனி மெடிக்கல் காலேஜ் போய்வர ஒரு நாள் கூலி போகும். மதுரையோ கோட்டயமோ என்றால் துணைக்கு வருகிறவர் கூலியும் சேரும். நோட்டு இல்லாமல் போனால் முதல் தடவை கேள்வி கேட்பதிலேயே முடிந்து, எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள்.

## அந்த மூன்று பேருக்கும்

கூடலூர் ஆசிரியருக்கு: பேக்கேஜுக்கு எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கட்டும். டாக்டரைப் பார்த்துத் தினசரி மாத்திரை தொடங்குங்கள், இன்றிலிருந்து ஆறு வாரம் எழுதுங்கள். நோட்டு ஏதாவது பொருளைக் காட்டினால் அந்த ஒன்றுக்கு மட்டும் டெஸ்ட் எடுங்கள். காட்டவில்லை என்றால் மேலே சொன்ன அந்த மலிவான ரத்தப் பரிசோதனைகள் போதும்.

போடி அக்காவுக்கு: நிறுத்தியதை எல்லாம், மூன்று நாளைக்கு ஒன்றாக, திரும்பச் சேர்க்கத் தொடங்குங்கள். முன்பு பயமில்லாமல் தின்றவற்றிலிருந்து தொடங்குங்கள், முட்டை முதலில் வரட்டும். கருவாடு கடைசியில். அதில் ஹிஸ்டமின் கூடுதல், அது சரிப்படவில்லை என்றால் அது மட்டும் வேண்டாம். முட்டிவலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று அடுத்த முறை வரும்போது அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

குமுளிக்காரர் மகளுக்கு: நீங்கள் நோட்டோடு நிற்க வேண்டாம். நேரே நான்காவது வழி. தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் இதே படபடப்பையும் வயிற்றுப்போக்கையும் தரும். அடுத்த முறை முகம் சிவக்கத் தொடங்கியதும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் "டிரிப்டேஸ், நான்கு மணி நேரத்துக்குள் ஒன்று, அடங்கிய மறுநாள் ஒன்று" என்று எழுதி இப்போதே பர்ஸில் வைத்துவிடுங்கள். அவசரப் பிரிவில் அந்த நேரத்தில் வாய் பேச வராது, சீட்டை எடுத்து நீட்டினால் போதும்.